கள்ளக் கிளிக்குக்கு எந்தப் பூட்டு? யாழ்ப்பாணத்துச் சிறு வியாபாரிகளுக்காக ஒரு கணக்கு

இணைய விளம்பரத்துக்குக் காசு கட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் இப்போது நிறையப் பேர். கஸ்தூரியார் வீதி நகைக்கடை, திருநெல்வேலி ரியூட்டறி, நல்லூர்ப் பக்கம் விடுதி நடத்துகிறவர், கனடாவில் இருப்பவர்களைப் பார்த்துக் காணி விளம்பரம் போடுகிற தரகர், ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதி செய்து லண்டனுக்கு அனுப்புகிறவர் என்று எல்லாருடைய காசும் மாதாமாதம் கூகிளுக்கும் பேஸ்புக்குக்கும் போகிறது. இவர்களிடமிருந்து வருகிற கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: "கிளிக் வருது, காசு போகுது, ஆள் மட்டும் வரேல்லை. உது பொட்டின்ர வேலையோ? தடுக்கிறதுக்கு ஏதும் சொஃப்ட்வெயார் வாங்கிப் போடட்டோ?" பொட் என்பது மனிதரைப் போல நடித்துத் தானாகக் கிளிக் செய்கிற நிரல்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு எழும்பிப் போகலாம். மாதம் ஒரு இலட்சம் ரூபாய்க்குக் கீழே செலவழிக்கிறவர் அந்த சொஃப்ட்வெயாரை வாங்க வேண்டாம். விளம்பரக் கணக்கின் செட்டிங்ஸில் சில பெட்டிகளின் சரியடையாளத்தை எடுத்துவிட்டு, எதை வெற்றி என்று எண்ண வேண்டும் என்பதை அந்த நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையையும் மாற்றினால் ஒழுக்கில் பெரும்பகுதி நின்றுவிடும். அதற்கு மேலே செலவழிக்கிறவர், அதுவும் ஒரு கிளிக்கின் விலை அதிகமான கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளைக் குறிவைக்கிறவர், கருவியைப் பற்றி யோசிக்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் மீதி.

யாருக்கு இதில் இலாபம்?

போலிக் கிளிக் என்றவுடன் எங்களுக்கு நினைவு வருவது எதிர்க்கடைக்காரர்தான். காலையில் கடை திறந்ததும் போனை எடுத்துவைத்துக்கொண்டு எங்கள் விளம்பரத்தைக் குத்திக்கொண்டே இருக்கிறார் என்று ஒரு சந்தேகம். அப்படி நடப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காசு போகிற வழியைப் பார்த்தால் கதை வேறு. கூகிளின் தேடல் பக்கத்திலே ஒருவர் எங்கள் விளம்பரத்தைக் கிளிக் செய்தால் அந்தக் காசு கூகிளுக்குப் போகிறது, வெளியாள் எவருக்கும் அதில் பங்கு இல்லை. ஆகவே அங்கே கள்ளக் கிளிக் செய்து யாரும் சம்பாதிக்க முடியாது. போட்டிக்காரரின் எரிச்சலோ, தளங்களைத் துருவிக்கொண்டு திரிகிற ஏதாவது நிரலோதான் காரணமாக இருக்க முடியும்.

அதே விளம்பரம் வேறொருவருடைய வலைத்தளத்திலோ போன் விளையாட்டிலோ தோன்றும்போது நிலைமை மாறுகிறது, ஏனென்றால் அந்தத் தளத்தின் சொந்தக்காரருக்கும் அந்தச் செயலியைச் செய்தவருக்கும் விளம்பர வருமானத்தில் பங்கு உண்டு. பொட்டை ஏவிவிடுவதற்கும், விரல் தவறிப் படக்கூடிய இடமாகப் பார்த்து விளம்பரத்தை வைப்பதற்கும் அங்கேதான் காரணம் இருக்கிறது. தளக்காரருக்கு விளம்பரப் பங்கைக் கொடுக்கிற கூகிள் அட்சென்ஸ் 2018 இல் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகு எத்தனை தமிழ்ச் செய்தித் தளங்கள் முளைத்தன என்று சொல்லத் தேவையில்லை. சிலவற்றைப் போனில் திறந்து பாருங்கள், "மேலும் வாசிக்க" என்ற பொத்தானுக்கு ஒரு மயிரிழை தள்ளி விளம்பரம் நிற்கும். அதைக் குத்துகிறவர் பொட் இல்லை, எங்கள் பெரியம்மா. ஆனால் செல்லாத கிளிக்கை ஒதுக்குகிற கூகிளின் வடிகட்டியில் அது மாட்டுப்படாவிட்டால் காசு போனது போனதுதான்.

பெரிய திருட்டுகளும் இந்தப் பக்கத்தில்தான் நடந்திருக்கின்றன. 2016 இல் அம்பலமான மெத்பொட் அப்படிப்பட்டது. அலெக்சாண்டர் ஷுக்கோவ் என்ற ரஷ்யர் வாடகை சேர்வர்களில் பொட்களை ஓட்டி, பெயர்பெற்ற தளங்களின் முகவரிகளைப் போலியாகக் காட்டி, வீடியோ விளம்பரக் காசை அள்ளினார். 2021 இல் நியூயோர்க்கில் அவருக்கு 10 ஆண்டுச் சிறை கிடைத்தது. அவர் குறிவைத்தது பெரிய கம்பனிகளின் பட்ஜெட்டை. சுன்னாகத்துத் தளபாடக் கடைக்கு அவர் வருவதில்லை. ஆனால் கடையின் விளம்பரம் தெரியாத தளங்களிலும் செயலிகளிலும் அலைய விடப்பட்டால் அதே சந்தையின் குப்பை மூலைக்குப் போய்ச் சேரும்.

கூகிளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது

முதல் வழி ஒன்றும் செய்யாமல் இருப்பது. கேட்க மடத்தனமாக இருந்தாலும் அவ்வளவு மோசமில்லை. கூகிள் தானாகவே ஒரு பகுதிக் கிளிக்குகளைச் செல்லாதவை என்று ஒதுக்கிக் கட்டணத்தில் சேர்க்காமல் விடுகிறது. பிறகு கண்டுபிடித்தால் பில்லில் வரவு வைக்கிறது. கணக்கில் "இன்வலிட் கிளிக்ஸ்" என்றொரு கொலம் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதைத் திறந்ததே இல்லை. அதைச் சேர்த்துப் பாருங்கள். பத்துச் சதவீதம் என்று காட்டினால் பதறவேண்டியதில்லை, அது காசு கட்டாத பத்துச் சதவீதம்.

2006 இல் அமெரிக்காவின் ஆர்கன்சோவில் ஒரு சிறிய பரிசுப்பொருள் கடை, லேன்ஸ் கிஃப்ட்ஸ், கள்ளக் கிளிக்குக்கும் காசு எடுத்தார்கள் என்று முன்னின்று தொடுத்த வழக்கைக் கூகிள் 90 மில்லியன் டொலருக்கு உடன்பட்டு முடித்தது. அதிலும் பெரும்பகுதி காசாகக் கைக்கு வரவில்லை, விளம்பர வரவாகத்தான் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய வடிகட்டல் எவ்வளவோ மேல்.

குறை எங்கே என்றால், ஒரே கணினியிலிருந்து அடுத்தடுத்து வருகிற கிளிக், சேர்வர்களை அடுக்கி வைத்திருக்கிற தரவு நிலையங்களிலிருந்து வருகிற கிளிக் போன்ற முரட்டு வேலைகளைத்தான் இந்த வடிகட்டி நன்றாகப் பிடிக்கும். மனிதரைப் போலப் பக்கத்தை உருட்டி, வீட்டு இணைய இணைப்புகளின் பின்னே ஒளிந்து வருகிறதைப் பிடிப்பது கஷ்டம். பெரியம்மாவின் விரலும் எல்லா நேரமும் மாட்டுப்படாது. பேஸ்புக்கும் செல்லாத கிளிக்குக்குக் காசு எடுப்பதில்லை என்றுதான் சொல்கிறது, ஆனால் எத்தனையைக் கழித்தது என்று கூகிள் காட்டுகிற அளவுக்கு அது காட்டுவதில்லை.

செட்டிங்ஸில் பூட்டு

காசு செலவில்லாத இந்த வழிதான் என்னுடைய தெரிவு, ஆகவே கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன்.

கூகிளில் புதிதாக ஒரு தேடல் விளம்பரம் தொடங்கும்போது "சேர்ச் பார்ட்னர்ஸ்", "டிஸ்பிளே நெட்வேர்க்" என்று இரண்டு பெட்டிகள் ஏற்கெனவே சரி போடப்பட்டு நிற்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். முதலாவது கூகிளோடு ஒப்பந்தம் செய்த வேறு தேடல் தளங்கள், இரண்டாவது நான் மேலே சொன்ன தளங்களும் செயலிகளும். தேடல் விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு காசு கட்டுகிறவரின் பட்ஜெட்டில் ஒரு பகுதி சின்னப்பிள்ளைகளின் விளையாட்டுச் செயலியில் கரைவது இப்படித்தான். டிஸ்பிளே வேண்டும் என்றால் அதைத் தனி விளம்பரமாக ஓட்டுங்கள். எங்கெங்கே தோன்றியது என்ற பட்டியலை வாரம் ஒருமுறை திறந்து, விளையாட்டு, டோர்ச் லைட், பலன் சொல்கிற செயலி என்று வருகிறதையெல்லாம் விலக்கிவிடுங்கள். செயலிகளை வகை வகையாகவே விலக்கலாம், ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதில்லை.

பெர்ஃபோமன்ஸ் மக்ஸ் என்ற வகை பற்றி ஒரு எச்சரிக்கை. தேடல், யூடியூப், ஜிமெயில், டிஸ்பிளே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எங்கே காட்டுவது என்று கூகிளே முடிவு செய்கிற வகை அது. டிஸ்பிளே மட்டும் வேண்டாம் என்று நிறுத்துகிற பெட்டி அதிலே இல்லை. இணையத்தில் நேரடியாகப் பொருள் விற்று, காசு கட்டியதை வெற்றியாக எண்ணுகிற கடைக்கு அது சரிவரும். "பெயரையும் நம்பரையும் விட்டுப் போங்கள்" என்று படிவம் வைத்திருக்கிற ரியூட்டறிக்கும் காணித் தரகருக்கும் அது குப்பைப் பெயர்களைக் கொண்டுவந்து கொட்டும்.

அடுத்தது இடம். இதில்தான் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கூகிளில் இடத்தைத் தேர்ந்தால், அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுகிறவர்களையும் சேர்த்துத்தான் அது எடுத்துக்கொள்ளும், நாங்கள் மாற்றினால் ஒழிய. பொதுவாக எல்லோரும் கொடுக்கிற அறிவுரை, ஆர்வம் காட்டுகிறவர்களை வெட்டிவிட்டு அங்கே இருக்கிறவர்களுக்கு மட்டும் காட்டு என்பது. கொக்குவிலில் பல் வைத்தியசாலை நடத்துகிறவருக்கு அது முழுக்கச் சரி. நல்லூரில் விடுதி வைத்திருக்கிறவருக்கோ அது வருமானத்தையே வெட்டிவிடும், ஏனென்றால் ரொறன்ரோவில் இருந்துகொண்டு திருவிழாவுக்கு அறை தேடுகிறவர்தான் அவருடைய வாடிக்கையாளர். அதற்காக உலகம் முழுவதையும் திறந்துவைத்தால் எந்த நாட்டுச் சேர்வரில் இருந்தும் கிளிக் வரும். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது: கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நோர்வே, ஜேர்மனி, அவுஸ்திரேலியா என்று எங்கள் ஆட்கள் இருக்கிற நாடுகளைப் பெயர் சொல்லித் தேர்ந்து, அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று பூட்டி, "யாழ்ப்பாணம்" என்ற சொல் கட்டாயம் வருகிற தேடல்களுக்கு மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஆர்வத்தைத் தேடல் சொல்லே காட்டிவிடும், கூகிள் ஊகிக்கத் தேவையில்லை.

பேஸ்புக் பக்கம் வந்தால், பூஸ்ட் பொத்தானை அமுக்கிவிட்டுப் போகிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். விளம்பர மனேஜரில் போய், இடங்களைக் கையால் தேர்ந்து, "ஓடியன்ஸ் நெட்வேர்க்" என்பதன் சரியடையாளத்தை எடுங்கள். பேஸ்புக்குக்கு வெளியே இருக்கிற செயலிகள் அவை. கூகிளின் டிஸ்பிளேக்குச் சொன்னதெல்லாம் அங்கேயும் பொருந்தும். நோக்கமாக "ட்ராஃபிக்" என்று தேர்ந்து, லிங்கைக் குத்துகிறவர்களைக் கொண்டுவா என்று சொன்னால் அது சொன்னதைத்தான் செய்யும், எதைக் கண்டாலும் குத்துகிற கூட்டத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரும். குறைந்தது, பக்கம் முழுதாகத் திறந்ததை எண்ணச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் உரையாடல் தொடங்குவதை நோக்கமாக வைத்தால் இன்னும் நல்லது.

லைக் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 இல் தாய்லாந்துப் பொலிஸார் கம்போடிய எல்லைப் பக்கம் ஒரு வீட்டைச் சோதனையிட்டபோது நூற்றுக்கணக்கான ஐபோன்களும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சிம் அட்டைகளும் கிடைத்தன. வீசற் என்ற சீனச் செயலியில் லைக்கும் பார்வையும் ஏற்றிக்கொடுக்கிற வேலை, கிளிக் தோட்டம் என்று சொல்லலாம். "ஆயிரம் லைக் இத்தனை ரூபாய்" என்று இங்கே விற்கிறவர்களின் சரக்கும் இந்த மாதிரித் தோட்டங்களில் விளைந்ததுதான். அந்த லைக்குகள் வந்த பிறகு "எங்கள் பக்கத்தை விரும்பியவர்களைப் போன்றவர்களுக்குக் காட்டு" என்று விளம்பரம் போட்டால் யாருக்குக் காட்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐபி முகவரியைத் தடுப்பது

யூடியூப் வீடியோக்களில் முதலாவதாகச் சொல்லப்படுகிற வைத்தியம் இது. ஐபி முகவரி என்பது இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டுகிற இலக்கம். கூகிளில் ஒரு விளம்பரத்துக்கு 500 ஐபி முகவரிகள் வரை விலக்கலாம். பேஸ்புக்கில் இந்த வசதியே இல்லை.

எங்கள் ஊரில் இது எடுபடாது, சிலவேளை கெடுதலும் செய்யும். டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று எந்த மொபைல் டேட்டாவை எடுத்தாலும், ஒரே பொது ஐபி முகவரியின் பின்னால் ஒரே நேரத்தில் ஏராளமான பாவனையாளர்கள் நிற்பது வழமை. முகவரிகள் போதாததால் கம்பனிகள் அப்படிப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. எதிர்க்கடைக்காரர் தன் போனிலிருந்து குத்தினார் என்று அந்த ஐபியைத் தடுத்தால், அதே முகவரியில் வருகிற சாவகச்சேரி வாடிக்கையாளரும் நெல்லியடி வாடிக்கையாளரும் எங்கள் விளம்பரத்தைக் காணமாட்டார்கள். எதிர்க்கடைக்காரரோ டேட்டாவை நிறுத்தித் திரும்பப் போட்டாலே வேறு முகவரியில் வந்துவிடுவார். வீட்டு ஃபைபர் இணைப்பும் அப்படித்தான், தனியாகக் காசு கட்டி நிலையான ஐபி வாங்காத வரை ரவுட்டரை அணைத்துப் போட்டால் முகவரி மாறலாம். ஒரு பக்கத்து மரத்துக் குரங்குக்காக ஊர் முழுக்கத் தென்னையை வெட்டுகிற வேலை.

தடுக்கத் தகுந்தவை இரண்டு: உங்கள் சொந்த அலுவலகத்தின் நிலையான ஐபி, மற்றது சேர்வர் பதிவுகளில், அதாவது தளத்துக்கு யார் எப்போது வந்தார் என்ற குறிப்புகளில், திரும்பத் திரும்ப வருகிற தரவு நிலைய முகவரிகள்.

சேர்வர் பதிவு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரே ஐபியிலிருந்து ஏழெட்டு முறை விளம்பர லிங்கோடு வந்திருக்கிறது என்று பதிவைக் காட்டிச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த லிங்கின் வாலில் "ஜிசிஎல்ஐடி" என்று ஒரு நீளமான குறியீடு இருக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் அது வேறு. ஏழு வரியிலும் ஒரே குறியீடு என்றால் நடந்தது ஒரே ஒரு கிளிக். அந்த மனிதர் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறார், அநேகமாக வாங்குகிற எண்ணத்தோடு. குறியீடு ஏழும் வேறு வேறாக இருந்தால்தான் சந்தேகப்பட இடம் உண்டு.

இதே மாதிரி இன்னும் இரண்டு பொய் அலாரங்கள். தளத்துக்கு வருகிறவர்களை எண்ணுகிற கூகிள் அனலிட்டிக்ஸில் யாழ்ப்பாண விளம்பரத்துக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்ததாகக் காட்டும்; அது ஐபியை வைத்து ஊரைக் கணிக்கிறது, எங்கள் மொபைல் இணைப்புகள் பல கொழும்பு என்றே பதிவாகும். மற்றது, நூறு கிளிக்குக்கு எழுபது வருகைதான் பதிவாகியிருக்கிறது, மீதி முப்பதும் பொட் என்பது. சிக்னல் குறைந்த இடத்தில், வேலணை தாண்டி நெடுந்தீவு வரை யோசித்துப் பாருங்கள், பாரமான படங்களோடு இருக்கிற பக்கம் திறக்க முதலே ஆள் பின்னுக்குப் போய்விடும். பக்கத்தின் பாரத்தைக் குறைத்துவிட்டுத் திரும்ப எண்ணுங்கள், பிறகு பொட்டைத் தேடலாம்.

காசு கட்டும் கருவிகள்

கிளிக்சீஸ், லூனியோ, ஃப்ரோட் புளொக்கர், கிளிக்கார்ட் என்று பல இருக்கின்றன. அடிப்படை வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன நிரலைப் போட்டு வருகிறவரின் ஐபி, போன் அல்லது கணினி, நடத்தை எல்லாவற்றையும் கவனிக்கும், சந்தேகம் வந்தால் அந்த ஐபியைக் கூகிளின் விலக்குப் பட்டியலில் தானாகவே ஏற்றும். பேஸ்புக்குக்கு ஐபிப் பட்டியல் இல்லாததால் சந்தேகத்துக்குரியவர்களை ஒரு ஓடியன்ஸாக, அதாவது ஆட்களின் பட்டியலாக, திரட்டி விலக்கப் பார்க்கும்.

இதிலேயே மட்டுப்பாடு தெரிகிறது. முதல் கிளிக்குக்கான காசு போன பிறகுதான் கருவிக்கு அந்த ஆளைத் தெரியும், தடை அடுத்த கிளிக்குக்குத்தான். பட்டியலில் 500 இடம் என்பதால் பழையதை எடுத்துப் புதியதைப் போட்டுக்கொண்டே இருக்கும். மொபைல் ஐபியைப் பற்றி மேலே சொன்ன பிரச்சினை கருவிக்கும் உண்டு. நல்ல கருவிகள் கொஞ்சம் நிதானமாகத் தடுக்கும், அவ்வளவுதான்.

விலையைப் பாருங்கள். கருவிக்குக் கருவி, கிளிக்கின் அளவுக்கு அளவு விலை மாறும், ஆகவே கணக்குக்காக மாதம் 70 டொலர் என்று வைத்துக்கொள்வோம். டொலர் 300 ரூபாய் என்றால் 21,000 ரூபாய். மாதம் 40,000 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிற ரியூட்டறிக்கு ஐந்தில் ஒரு கிளிக் போலி என்று வைத்தாலும் நட்டம் 8,000 தான். கருவி ஒன்றையும் தவறவிடாமல் பிடித்தாலும் 13,000 கைநட்டம். மாதம் மூன்று இலட்சத்துக்குக் கனடாவைக் குறிவைக்கிற காணி விளம்பரத்தில் அதே ஐந்தில் ஒன்று 60,000. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே பிடித்தாலே கருவியின் காசு வந்துவிடும். ஆக எல்லைக்கோடு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது. உங்கள் தொகைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

கருவிகள் காட்டுகிற அறிக்கையை முழுதாக நம்பவும் வேண்டாம். "இந்த மாதம் இத்தனை போலிக் கிளிக்கைத் தடுத்தோம்" என்று பெரிய எழுத்தில் காட்டும். அவற்றில் எத்தனையைக் கூகிள் ஏற்கெனவே இலவசமாகக் கழித்தது என்பதைப் பிரித்துக் காட்டினால்தானே சேமிப்பு தெரியும்? விற்பனைப் பக்கங்களில் இன்னொரு எண்ணும் அடிக்கடி வரும்: இணையப் போக்குவரத்தில் பாதிக்கு மேல் பொட் என்று. இம்பேர்வா என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் 2025 அறிக்கை, 2024 இல் 51 சதவீதம் தானியங்கிப் போக்குவரத்து, 37 சதவீதம் கெட்ட பொட்கள் என்று சொன்னது உண்மைதான். ஆனால் அது தளங்களுக்கு வருகிற மொத்தப் போக்குவரத்து. விலையைத் துருவுகிறது, கடவுச்சொல்லை உடைக்கப் பார்க்கிறது எல்லாம் அதற்குள் அடக்கம். விளம்பரக் கிளிக்கில் பாதி போலி என்று அதற்கு அர்த்தமில்லை.

வாங்கித்தான் ஆவேன் என்றால் இலவசப் பரீட்சைக் காலத்தில் தடுக்கிற வேலையை நிறுத்திவைத்து, கவனிக்க மட்டும் விடுங்கள். அது போலி என்று குறித்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வட்ஸ்அப் போட்டார்கள், எத்தனை பேர் அழைத்தார்கள் என்று ஒப்பிடுங்கள். நாலைந்து உண்மையான வாடிக்கையாளர் அந்தப் பட்டியலில் இருந்தால் முடிவு தெளிவு.

தளத்திலும் படிவத்திலும் காவல்

இது கிளிக்குக்கான செலவைக் குறைக்காது, ஆனால் பொட் படிவத்தை நிரப்பி உள்ளே வராமல் தடுக்கும். வருகிறது பொட்டா மனிதரா என்று சோதிக்க கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2022 இல் கொண்டுவந்த டேர்ன்ஸ்டைல் இலவசம், படங்களைத் தெரிவு செய் என்று ஆட்களை வதைப்பதும் இல்லை. அதோடு மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியைப் படிவத்தில் வைத்து, அதை நிரப்புகிறவரை ஒதுக்குகிற பழைய உபாயம் இன்னும் வேலை செய்கிறது. உள்ளூர் படிவத்துக்கு 07 இல் தொடங்குகிற பத்து இலக்கம் என்று கட்டுப்படுத்தலாம். புலம்பெயர்ந்தவர்கள் வருகிற படிவத்தில் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

நாடுகளைத் தடுக்கிறேன் என்று இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இலங்கையையும் கனடாவையும் விட்டு மற்ற எல்லா நாட்டையும் தளத்தில் அடைத்தால், விளம்பரத்தின் பக்கத்தைப் பரிசோதிக்க வருகிற கூகிளின் அட்ஸ்பொட்டும் அடைபட்டுப் போகும். பக்கம் திறக்கவில்லை என்று விளம்பரமே நிராகரிக்கப்படும். எல்லாப் பொட்டும் கள்ளன் இல்லை.

பேஸ்புக்கின் உள்ளேயே இருக்கிற லீட் படிவத்தில் பெயரும் நம்பரும் தானாக நிரம்பி நிற்பதால், பார்க்காமலே இரண்டு தட்டில் அனுப்பிவிட்டு "நான் ஒன்றும் கேட்கேல்லையே" என்கிறவர்கள் அதிகம். அவர்கள் பொட் இல்லாவிட்டாலும் அழைத்துக் களைக்கிற எங்களுக்கு வித்தியாசம் ஒன்றும் இல்லை. "ஹையர் இன்டென்ட்" வகையைத் தேர்ந்தால் அனுப்ப முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும். கையால் தட்டச்சு செய்ய வேண்டிய ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள், "எந்த வருடம் ஏ/எல்?" மாதிரி. எண்ணிக்கை விழும், அழைத்தால் பதில் சொல்கிறவர்கள் மிஞ்சுவார்கள்.

எதை வெற்றி என்று எண்ணுகிறீர்கள்?

எல்லாவற்றிலும் கூடிய பலன் தருகிறது இதுதான், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். கூகிளும் பேஸ்புக்கும் இப்போது யாருக்கு விளம்பரம் காட்டுவது என்று தாமே கற்றுக்கொண்டு, அந்த இடத்துக்கு எங்கள் காசில் ஏலம் கேட்கிற இயந்திரங்கள். படிவம் நிரப்பியதை வெற்றி என்று நாங்கள் சொல்லிவைத்து, பொட் பத்துப் படிவம் நிரப்பினால், இயந்திரத்துக்கு அது பத்து வெற்றி. அப்படிப்பட்ட இன்னும் பத்தைத் தேடி அது போகும், காசையும் அந்தப் பக்கமே திருப்பும். போலிக் கிளிக்கால் போகிற காசைவிட, போலி வெற்றியால் கெட்டுப்போகிற கற்றல் மோசமானது, ஏனென்றால் அடுத்த மாத பட்ஜெட்டும் அதன் பின்னாலேயே போகிறது.

ஆகவே பொட்டால் எளிதில் செய்ய முடியாத ஒன்றை வெற்றியாக வையுங்கள். இணையத்தில் விற்கிறவருக்குப் பிரச்சினை இல்லை, காசு கட்டியதுதான் வெற்றி. காணித் தரகருக்கும் ரியூட்டறிக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது: படிவத்தோடு அந்த ஜிசிஎல்ஐடி குறியீட்டையும் சேமித்து, யார் உண்மையில் கதைத்தார், யார் வகுப்பில் சேர்ந்தார் என்று ஒரு கூகிள் ஷீட்டில் குறித்து, வாரம் ஒருமுறை அதைக் கணக்கில் ஏற்றுங்கள். இயந்திரம் அந்த ஆட்களைப் போன்றவர்களைத் தேடத் தொடங்கும். இதற்குச் செலவு ஒருவருடைய அரை மணித்தியாலம். மாதத்துக்கு ஐந்தாறு பேர்தான் சேருகிறார்கள் என்றால் கற்றுக்கொள்ள அது போதாது. சேர்ந்தவர்களுக்குப் பதில், அழைத்தபோது ஒழுங்காகக் கதைத்தவர்களை ஏற்றுங்கள்.

ஷீட்டெல்லாம் சரிவராது என்கிறவர்களுக்கு வட்ஸ்அப் விளம்பரம். குத்தினால் உரையாடல் திறக்கும், ஆள் செய்தி அனுப்பினால்தான் எண்ணப்படும். பொட்கள் அந்த வாசலைத் தாண்டி வருவது அபூர்வம். முன்கூட்டியே எழுதப்பட்ட வசனத்தை அப்படியே அனுப்பிவிட்டு மறைகிறவர்கள் இருப்பார்கள்தான், ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்படியென்றால் யாருக்கு எது?

ஊருக்குள்ளே மட்டும் வாடிக்கையாளர் உள்ள கடை, வைத்தியசாலை, மண்டபம்: செட்டிங்ஸ் பூட்டும் வட்ஸ்அப் விளம்பரமும் போதும், வேறொன்றும் வேண்டாம். ரியூட்டறிக்கு அதோடு படிவக் காவலும். வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்புகிறவர் காசு கட்டியதை வெற்றியாக வைத்துவிட்டு, நாடுகளைப் பெயர் சொல்லிப் பூட்டினால் சரி. காணியும் வீடும் விற்கிறவர்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டியவர், பட்ஜெட் இடம்கொடுத்தால் கருவியையும் பரீட்சிக்கலாம்.

எதிர்க்கடைக்காரர்தான் என்று உறுதியாக நம்புகிறவர்கள் தேடல் விளம்பரத்தில் மணித்தியால வாரியான அறிக்கையைத் திறந்து பாருங்கள். ஒரே தேடல் சொல்லில், நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரு அழைப்பும் இல்லாமல் காசு தீர்கிறது என்றால் அந்த நேரத்துக்கு விளம்பரத்தை நிறுத்திவையுங்கள், அந்தச் சொல்லைத் தனியாகப் பிரித்துச் சின்ன பட்ஜெட்டில் போடுங்கள். அதோடு கூகிளின் கிளிக் தரம் பற்றிய முறைப்பாட்டுப் படிவத்தையும் நிரப்புங்கள். விடுதிக்காரர்கள் இதில் திகதியைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கடந்த 60 நாட்களுக்குள் நடந்த கிளிக்குகளைத்தான் அவர்கள் ஆராய்வார்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னைய வாரங்களில் நடந்ததைத் திருவிழா முடிந்து, அறைக் கணக்கெல்லாம் பார்த்து, ஆறுதலாக ஒக்டோபரில் முறையிட்டால் காலம் கடந்திருக்கும். சந்தேகம் வந்த வாரமே சேர்வர் பதிவை இறக்கி எடுத்து, குறியீடுகளோடு அனுப்பிவிடுங்கள்.